கரண்ட் வைத்தவள்

எங்கள் சந்துக்கு வெளிச்சம் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன் என்று தாராவியில் இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் உண்டு. சொல்லட்டும். அவர் செய்தது இவ்வளவுதான். தெருமுனைக் கம்பத்தில் ஓடுகிற கம்பியில் ஒரு கொக்கியை மாட்டினார். அதிலிருந்து ஒயர் இழுத்து, கூரைக்குக் கூரை தாண்ட வைத்து, சந்தில் உள்ள வீடுகளுக்கெல்லாம் விட்டார். திருட்டுக் கரண்டுக்கு மாத வாடகை வாங்கிய அந்த மனிதரைத்தான் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவராகவும் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் தகரத்தைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். போய்ச் சொன்னால், "வெளிச்சம் வேணும்னா கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும்" என்பார். அவர் வீட்டுத் தகரம் மட்டும் அடிக்காது.

நான் எழுத உட்கார்ந்தது என் நெஞ்சில் இருந்த நோயைப் பற்றி. ஆனால் அந்தக் கொக்கியைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எண்பதுகளின் கடைசிப் பக்கம் அது. என் கணவர் தம் அண்ணனுடைய பெல்ட் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறைக்கு மேலே தட்டி வைத்து மறைத்த அறையில் நாங்கள் இருந்தோம். வேலையும் அண்ணன் கொடுத்தது, அறையும் அண்ணன் கொடுத்தது. அதனால் என் கணவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை இருந்ததில்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்லுவார்கள். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றாத ஆளைத்தான் அப்படிச் சொல்லுவார்கள் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

எனக்குப் படபடப்பு வரும். குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது வரும். மாவாட்டும்போது வரும். கீழே பட்டறையில் தோல் தைக்கிற மிஷின் ஓடுமே, அதை என் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஒருத்தன் மிதிக்கிற மாதிரி இருக்கும். கழுத்து நரம்பு துடிப்பது எதிரே நிற்பவர்கள் கண்ணுக்கே தெரியும். கொஞ்ச நேரம் அப்படி ஓடிவிட்டு டக்கென்று நின்றுவிடும். நின்றதும் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. நோய் என்றால் படுத்துக் கிடக்க வேண்டும், முனக வேண்டும். வந்த சுவடு தெரியாமல் போகிற நோயை யார் நம்புவார்கள்?

"நடிக்கா. வேலைக்கு உடம்பு வளையல" என்றாள் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிறகு அவளே, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு சாமியாடியைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடிக்க வைத்தாள். நடிப்பென்றால் வேப்பிலை எதற்கு, பேயென்றால் நடிப்பென்று சொன்னது எதற்கு? இரண்டில் ஒன்றைச் சொல்லக்கூட அந்த வீட்டில் ஒருவருக்கும் புத்தி இல்லை. சந்து முனை டாக்டர் சத்து ஊசி போட்டார். யார் போனாலும் அவர் சத்து ஊசிதான் போடுவார்.

ஒரு நாள் துணி துவைக்கிற கல்லின் மேலேயே விழுந்துவிட்டேன். அன்றைக்கு வந்தது வழக்கமான ஓட்டம் இல்லை. தாறுமாறாக, தாளம் கெட்டு ஓடியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரையைப் போட்டு மறைத்துக்கொண்டு என்னென்னவோ செய்து எழுப்பினார்களாம். எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் பெரிய டாக்டர் நின்றார். பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, கணவரின் அண்ணன். என் கணவர் கதவோரம்.

டாக்டர் தலைக்கு நேரே விரலைச் சுற்றிக் காட்டி இங்கிலீஷில் கேட்டார், தலை சுற்றுகிறதா என்று. என்னிடம் இல்லை, அவரிடம். "நோ சார்" என்றார் அவர். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மூச்சு வாங்குகிறதா? "நோ சார்." எனக்குத் தலையும் சுற்றியது, மூச்சும் வாங்கியது. நெஞ்சு என்னுடையது, பதில் அவருடையது. அவ்வளவு படித்த டாக்டருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அண்ணனுடைய இங்கிலீஷ் பட்டறைக்கு வருகிற சேட்டுகளிடம் பேசுகிற அளவுக்குத்தான். டாக்டர் கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுகொண்டு பம்பாய் இந்திக்கு வந்துவிட்டார். அது எனக்கு நல்லதாயிற்று. காய்கறிக்காரனிடமும் குழாயடியிலும் கற்றுக்கொண்ட இந்தி எனக்கும் இருந்தது. நான் பேசமாட்டேன், ஆனால் புரியும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

"இவங்க தில்லில் ஒரு எக்ஸ்ட்ரா வயர் இருக்கு" என்று டாக்டர் சொன்னார். தில் என்றால் இந்தியில் நெஞ்சு. பிறவியிலேயே இருப்பதாம். நெஞ்சு துடிப்பதற்கு ஒரு கரண்ட் ஓடுகிறதாம், அது போவதற்கு ஒரு லைன் உண்டாம். எனக்கு அந்த லைன் போக இன்னொரு கள்ள லைன் இருக்கிறதாம். கரண்ட் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் சுற்றிச் சுற்றி வருவதால்தான் அந்தப் படபடப்பு. சில சமயம் அந்தக் கள்ள லைனில் கட்டுக்கடங்காமல் கரண்ட் பாய்ந்துவிட்டால் நெஞ்சு துடிக்காமல் வெறுமே நடுங்கும். நடுங்கினால் ஆள் போய்விடும். துவைகல்லில் அதுதான் நடக்கப் பார்த்தது. மறுபடியும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் நெஞ்சில் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள். எங்கள் சந்தில் பிறந்த குழந்தைக்குக்கூட விளங்குகிற விஷயம். சந்துக்கே கொக்கி போட்டவர் மட்டும் ஒன்றும் விளங்காமல் "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் மூன்று வழி சொன்னார். மாத்திரை, அது நிச்சயமில்லை. நெஞ்சைப் பிளந்து அந்த லைனை வெட்டுவது. மூன்றாவது, புதிதாக வந்திருப்பது. தொடையில் உள்ள ரத்தக் குழாயில் மெல்லிய கம்பியை ஏற்றி, நெஞ்சு வரைக்கும் கொண்டுபோய், கள்ள லைன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, கம்பி வழியாக ஒரு கரண்ட் அடித்து அந்த இடத்தைப் பொசுக்கிவிடுவது. தூங்க வைத்துத்தான் அடிப்பார்களாம். இன்னும் நிறையப் பேருக்குச் செய்ததில்லை என்றும் சொன்னார். முதல் தடவையிலேயே சரியாகாமல் போகலாம். நல்ல லைன் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் பொசுங்கினால், நெஞ்சு ஓடுவதற்குத் தோளுக்குக் கீழே ஒரு பேட்டரி வைக்க வேண்டி வரும். ஆனால் சும்மா விடுவது இதைவிட ஆபத்து, சீக்கிரம் செய்யுங்கள் என்றார். கடைசியில் ஒரு சின்ன உபகாரமும் செய்தார். படபடப்பு வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை ஐஸ் தண்ணீரில் முக்கச் சொன்னார். அதையும் அண்ணனிடம்தான் சொன்னார்.

டாக்டர் போனதும் கதவோரம் நின்ற தம்பியிடம் அண்ணன் திரும்பினார். இவ்வளவையும் அவர் தமிழில் ஒரே வரியில் சொன்னார்.

"கரண்ட் வைக்கணும்ங்கான்."

என் கணவரின் முகம் செத்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். பைத்தியம் முற்றினவர்களைக் கட்டிப்போட்டு, நெற்றிப் பொட்டில் வைப்பார்களே, அது. ஊரில் யாரையாவது "அவனுக்குக் கரண்ட் வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டால் அவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள்.

"அப்ப இவளுக்கு நெஞ்சுல இல்லியா கோளாறு?" என்றார் என் கணவர்.

"நெஞ்சுன்னுதான் சொல்லுவான். படிச்சவன் நேரடியா பைத்தியம்னு சொல்லுவானா?"

நான் படுத்துக்கொண்டே கேட்டேன். வாயைத் திறந்திருக்கலாம். ஆம்பிளைகள் பேசும்போது நடுவில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற ஆசையும் வரவில்லை. சில பேருக்கு ஒன்றைப் புரிய வைப்பதைவிடச் செத்துப்போவது சுலபம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தோம். சாயந்திரத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள். அதுவரை ஒருத்தியும் விட்டதில்லை. குழந்தைகளை இழுத்துக்கொண்டார்கள். அக்கா, புருஷனிடம் கேட்டதை வைத்து, இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். "தொடை வழியா ஒயர விடுவானாம்ளா. ஆம்பள டாக்டரு. மானம் இருக்கவ இதுக்குச் சம்மதிப்பாளா?" பிள்ளைப் பேற்றுக்கு இவளே ஆஸ்பத்திரியில் ஆம்பிளை டாக்டரிடம்தான் போனாள். அது வேறாம்.

மானத்துக்கும் அடியில் ஒரு காரணம் இருந்தது. அண்ணன் மகளுக்கு வடாலாவில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். தை மாதத்தில் கல்யாணம். சித்தி பைத்தியம் என்று தெரிந்தால் வடாலாக்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள். அதனால் அண்ணன் என் கணவரைக் கூப்பிட்டு முடிவு சொன்னார்.

"கல்யாணம் முடியட்டும்லே. பெறவு நானே கொண்டுபோயி வச்சுக் கூட்டியாரேன்."

"டாக்டரு சீக்கிரம்னாரே அண்ணே."

"டாக்டருக்கு என்ன, அவனுக்கு மகளா கெடக்கா கல்யாணத்துக்கு?"

என் கணவர் மேலே வந்து, "தை தானே, இந்தா வந்துரும்" என்றார். தை வருகிற வரைக்கும் நெஞ்சைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்கிற மாதிரி. நான் அவரைப் பார்த்தேன். அவர் பாயை உதறினார். இந்த மனிதர் என்னோடு குடித்தனம் பண்ணிய காலத்தில் கோபமாக எதையாவது உதறினார் என்றால் அது பாய்தான்.

நிச்சயதார்த்தத்தை, படித்த தமிழர்கள் இருக்கிற மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் வைத்தார் அண்ணன். அழைப்பிதழிலும் வீட்டு விலாசத்தை மாட்டுங்கா என்றே போட்டார். தாராவி என்று எழுத அவர் பேனா ஓடாது. திருடின கரண்டில் சம்பாதித்து மாட்டுங்காவில் பன்னீர் தெளிப்பது கௌரவம், அந்தக் கரண்ட் ஓடுகிற இடத்தின் பெயர் அவமானம்.

என்னை அழைத்துப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அழைத்துப் போனால் பார்த்துவிடுவார்கள். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஹாலுக்குப் பின்னால் சமையல்கட்டில் என்னை உட்கார வைத்து, தேங்காய் வெற்றிலை பாக்குப் பையெல்லாம் போடச் சொன்னாள். "வெளிய வராதளா. யாராச்சும் கேட்டா சிரிச்சுக்கோ, பேசாத" என்றாள். பேசாமல் இருக்க எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முன்னால் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரம் கேட்டது. நான் பைக்குள் தேங்காயைப் போடக் குனிந்தேன், வந்துவிட்டது. மிஷின் ஓட ஆரம்பித்தது. கண் இருட்டியது. மூலையில் பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஐஸ் கட்டி போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கலர் பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். டாக்டர் சொன்னது நினைவு வந்தது. தவழ்ந்து போய், பாட்டில்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே முக்கினேன்.

முக்கினபடியே கேட்டேன். ஒரு பொம்பளைக் குரல்.

"ஆத்தாடி! யாருளா இது? கலர் வாளிக்குள்ள மூஞ்சிய முக்கிக்கிட்டுக் கெடக்கா?"

மாப்பிள்ளையின் அம்மா. குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்திருக்கிறாள். பின்னாலேயே அக்கா ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல மைனி! நம்ம வீட்டுக் கொழுந்தன் பொண்டாட்டி. காலையிலேருந்து விரதம். அதான் கொஞ்சம் கிறக்கமா..."

"விரதம் இருக்கவ வாளிக்குள்ளயா சாமி கும்பிடுவா?"

அதற்குள் என் நெஞ்சு டக்கென்று நின்று, பிறகு பழையபடி நிதானமாக அடிக்கத் தொடங்கியது. நான் தலையைத் தூக்கினேன். தண்ணீர் புடவை எல்லாம் சொட்டியது. எதிரே பட்டுப்புடவை கட்டிய கனத்த பொம்பளை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அக்கா, வாயைத் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சினாள். அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. நடிக்கிறாள் என்று சொன்ன வாய், இப்போது என்னை நடிக்கச் சொல்லுகிறது.

"விரதம் இல்ல" என்றேன். "நெஞ்சுல ஒரு கள்ள லைன் இருக்கு. கொக்கி போட்ட மாதிரி. கம்பிய விட்டு, கரண்ட் அடிச்சு, அதப் பொசுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பொசுக்கலேன்னா எப்ப வேணாலும் செத்துருவேன். உங்க வீட்டுக் கல்யாணம் முடியட்டும்னு வச்சிருக்காவ."

அந்நிய ஆளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தோளுக்குக் கீழ பேட்டரி வச்சிருக்கு. நெஞ்சு நின்னு நின்னு ஓடுதுன்னு வச்சாவ. உங்ககிட்டச் சொல்லல. சொன்னா சீக்காளி வீடுன்னு நீங்க பொண்ணு தரமாட்டியள்லா?"

அக்கா சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்ல பேட்டரி, உங்க வீட்ல கரண்ட்" என்றாள் அந்த அம்மாள். "சோசியக்காரன் பத்துப் பொருத்தம் சொன்னான். இது பதினோராவது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவள் என்றால் முதலிலேயே சொல்லியிருப்பாள். அடுத்து அவள் சொன்னதைக் கேளுங்கள்.

"இங்க பாரு சம்பந்தி, நிச்சயம் ஆயிப்போச்சு. கல்யாணத்துக்குள்ள உங்க வீட்ல ஒரு சாவு விழுந்துச்சுன்னா ஒரு வருசத்துக்குப் பந்தக்கால் நடமுடியாது. எங்க மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. முதல்ல இவளக் கொண்டுபோயி என்ன வைக்கணுமோ வச்சு முடிங்க."

அப்படித்தான் எனக்கு வைத்தியம் கிடைத்தது. புருஷனின் பாசத்தால் இல்லை, டாக்டரின் எச்சரிக்கையால் இல்லை, தீட்டால் கிடைத்தது. நான் உயிரோடு இருப்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. நான் செத்தால் கல்யாணம் தள்ளிப்போகும் என்பதுதான் பொருட்டாக இருந்தது. ஒரு பொம்பளையின் உயிருக்கு எங்கள் சாதி சனத்தில் என்ன விலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மண்டபத்து அட்வான்ஸ்தான்.

அண்ணன் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சந்தில் எல்லோரிடமும், "கரண்டுன்னா அந்தக் கரண்டு இல்லவே. இது ஹார்ட்டுக்கு உள்ளது. பேட்டரி மாதிரி. பெரிய பெரிய ஆளுங்களுக்குத்தான் செய்வாங்க" என்று விளக்கம் கொடுத்தார். நெற்றிப்பொட்டுக்குப் போன கரண்டை நெஞ்சுக்கு இறக்கிவிட்டவர் தாமே என்ற நினைப்பு.

அந்த அறை குளிராக இருந்தது. டிவி மாதிரி ஒன்றில் என் நெஞ்சின் நிழல் தெரிந்தது. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டுக் கம்பியை ஏற்றினார்கள். வலி அதிகம் இல்லை. உள்ளே ஏதோ மீன் குஞ்சு புரளுகிற மாதிரி இருந்தது. மானம் போகும் என்றார்களே, அங்கே ஒருவரும் என் தொடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த நிழலைத்தான் பார்த்தார்கள்.

பிறகு டாக்டர் ஏதோ சொன்னார், ஒருவர் ஒரு பித்தானைத் தட்டினார், என் படபடப்பு வந்துவிட்டது. அதேதான், குழாயடியில் வருகிற அதே ஓட்டம். மறுபடி தட்டினார், நின்றது. மறுபடி வரவழைத்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். கள்ள லைன் எங்கே என்று அப்படித்தான் தேடுவார்களாம். பயப்பட வேண்டிய நேரத்தில் நான் அக்காவை நினைத்துக்கொண்டேன். நடிப்பு நடிப்பு என்றாளே, பித்தானைத் தட்டினால் வருகிற நடிப்பைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. அதற்கப்புறம் மூக்கில் மூடியை வைத்தார்கள். தூங்கிவிட்டேன். கரண்ட் அடித்தது எனக்குத் தெரியாது.

விழித்தபோது நெஞ்செல்லாம் உலக்கையால் இடித்த மாதிரி வலித்தது. ஆனால் உள்ளே அமைதி. நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத அமைதி என்று சொல்லலாம். பேட்டரியும் தேவைப்படவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு கூட்டம் மாணவர்களோடு வந்தார். கால்மாட்டில் அண்ணன், இஸ்திரி சட்டையோடு. டாக்டர் அவரிடம் கேட்டார், பிறகு படபடப்பு வந்ததா என்று.

"நோ சார். ஆல் குட் சார்."

"முஜ்ஸே பூச்சோ" என்றேன். என்னைக் கேளுங்கள்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. இருந்தாலும் டாக்டர் கட்டிலைச் சுற்றி என் தலைமாட்டுக்கு வர வேண்டியதாயிற்று. படபடப்பு வரவில்லை, தொடையில் கட்டு இறுக்கமாக இருக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, இவர் சொல்லுவது எதையும் இனி எழுதிக்கொள்ளாதீர்கள் என்று என் குழாயடி இந்தியில் சொன்னேன். ஒரு மாணவி சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கட்டைத் தளர்த்தச் சொன்னார்.

தையில் கல்யாணம் நடந்தது. சந்தில் எனக்குக் "கரண்ட் மைனி" என்று பெயர் விழுந்துவிட்டது. இது வேறு கரண்ட் என்று அண்ணன் எவ்வளவு சொல்லியும் பாதிப் பேருக்கு நான் பைத்தியம்தான். நான் திருத்தப் போகவில்லை. குழாயடியில் வழி விட்டார்கள், வம்புக்கு வருவதில்லை, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிக் கழுத்தறுப்பதில்லை. கூச்சக்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்?

கல்யாணத்தில் சொந்தக்காரர்களை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஒல்லியாக, வேட்டி சட்டையில். மாப்பிள்ளையின் அப்பா. கூட்டத்தில் யாராவது தோளில் இடித்துவிடுவார்கள் என்று அவர் மனைவியே அங்கே உட்கார வைத்துவிட்டாளாம்.

"நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டார். மற்றவர்களைப் போல அண்ணனைத் தேடாமல் என்னையே கேட்டார்.

"ஓடுது. உங்களுக்கு?"

"பேட்டரி தீருற வரைக்கும் ஓடும்."

மேடைப் பக்கம் அண்ணன் நாலு பேரை நிறுத்திக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் கை நீட்டுவது தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான் டாக்டருக்கு யோசனையே சொன்னாராமே? கள்ள லைன எடுத்தது அவரு முயற்சியாலதான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"அவருக்குக் கொக்கி போடத்தான் தெரியும்" என்றேன். "எடுக்கத் தெரியாது."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு கையால் தோளுக்குக் கீழே பேட்டரியைப் பிடித்துக்கொண்டார்.